முழவு நம்முடையது, பெயர் எவனுடையது?



ஊர்த் திருவிழாவிற்கு இசைக்குழு வருகின்றது. பாடுவோர் தமிழர், கேட்போர் தமிழர், வீடுதோறும் சென்று பணம் தண்டியோரும் தமிழர். பாடப்படும் பாட்டும், அதன் தரம் எவ்வாறாயினும், தமிழ்ப்பாட்டே. ஆனால், மேடைக்குப் பின்னே கட்டித் தொங்கவிட்ட பதாகையில் எழுதியிருக்கும் பெயர் மட்டும் தமிழன்று! ஒன்றன் ஈற்றில் ‘மியூசிக்கல்சு’ என்றிருக்கும். இன்னொன்றன் ஈற்றில் ‘ஆர்க்கெசுட்ரா’ என்றிருக்கும். ஆங்கிலம் வேண்டாவென்று எண்ணியவன் ‘சுவரம்’, ‘இராகம்’, ‘சுருதி’, ‘இலயம்’ என்று வடமொழிக்குள் போய் விழுந்திருப்பான். கல்லூரிகளில் மின்நரம்புக் கருவியும் முழவுத் தொகுதியுமாக இளைஞர் தொடங்கும் குழுக்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இருளையும் இடியையும் நெருப்பையும் குறிக்கும் ஆங்கிலச் சொல் இரண்டை அகராதியில் தேடி ஒட்டவைத்து, அதனைத் தம் பெயரென்று மார்பில் எழுதிக்கொள்கின்றனர்.

கேட்டால், “பெயர்தானே! அதில் என்ன வந்துவிடப் போகிறது? இசை நன்றாயிருந்தால் போதாதா?” என்கின்றனர்.

பெயர்தானே என்று தள்ளிவிடத்தக்கதாயின், இந்நாட்டில் தனித்தமிழ் என்றோர் இயக்கமே தோன்றியிராது. 1916-இல் அவ்வியக்கம் கால்கொண்டபோது அதன் முதற்செயல் என்ன? வேதாசலம் என்ற பெயரை மறைமலை என்று அப் பெரும்பேராசான் மாற்றிக்கொண்டதன்றோ! ‘ஞானசாகரம்’ என்று தாம் நடத்திய இதழை ‘அறிவுக்கடல்’ ஆக்கினார். ‘சமரச சன்மார்க்க நிலையம்’ என்றிருந்ததைப் ‘பொதுநிலைக் கழகம்’ ஆக்கினார். அவருக்கும் முன்னரே சூரியநாராயணர் பரிதிமாற்கலைஞர் ஆனார். மொழிமீட்பு பெயர்மீட்பிலிருந்தே தொடங்கிற்று. பெயர் என்பது மாந்தன் தன்னைத்தானே விளித்துக்கொள்ளும் முதற்சொல். அம்முதற்சொல்லையே அயலானிடம் கடன் கேட்டவன், பின்னர் எச்சொல்லுக்குத் தன் வாயை நம்புவான்?

அயலான் எங்கிருந்து பெயர் எடுத்தான்?

ஆங்கிலப் பெயர்மேல் மயக்கங்கொண்ட நம் இளைஞர், அவர்கள் போற்றும் குழுக்கள் எவ்வாறு பெயர் பெற்றன என்பதையேனும் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தால் அவர்தம் மயக்கம் பாதி தெளியும். ஆகலின் அவற்றுட் சிலவற்றை ஈண்டு எடுத்துக் காட்டுவோம்.

இலிவர்ப்பூலில் 1956-இல் பள்ளிச் சிறுவர் சிலர் ஒரு குழுத் தொடங்கினர். தாம் படித்த பள்ளியின் பெயரில் கற்சுரங்கத்தைக் குறிக்கும் சொல் இருந்தமையால் ‘கல்லுடைப்போர்’ என்னும் பொருள்படக் ‘குவாரிமென்’ எனப் பெயரிட்டுக்கொண்டனர். அக்குழுவே பின்னர் 1960-இல் ‘பீட்டில்சு’ ஆயிற்று. தாங்கள் மதித்த அமெரிக்கப் பாடகர் பட்டி ஆலியின் குழுவிற்குச் ‘சிள்வண்டுகள்’ என்னும் பொருளுடைய பெயர் இருந்தது. அதனை எண்ணி வண்டைக் குறிக்கும் சொல்லை எடுத்து, தாளத்தட்டைக் குறிக்கும் ‘பீட்டு’ என்னும் சொல் அதனுள் தெரியுமாறு ஓரெழுத்தை மாற்றினர். தம் மொழியின் இரு சொற்களை ஒன்றனுள் ஒன்று வைத்து விளையாடிய சொல்லாட்டு அது. தன் மொழியில் மட்டுமே ஒருவன் அவ்வாறு விளையாட இயலும்.

1962-இல் இலண்டனில் தோன்றிய ‘உரோலிங்கு சுடோன்சு’ குழு, அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் மடி வாட்டர்சு 1950-இல் வெளியிட்ட பாட்டொன்றின் தலைப்பிலிருந்து பெயர்கொண்டது. ‘பிங்கு பிளாய்டு’ என்பதற்கு ஆழ்ந்த மெய்ப்பொருள் ஏதோ உண்டென்று நம் பிள்ளைகள் கருதுகின்றனர். பிங்கு ஆண்டர்சன், பிளாய்டு கவுன்சில் என்னும் கறுப்பினப் பாடகர் இருவரின் முன்பெயர்களை இணைத்து அக்குழுவின் சிட்டு பாரெட்டு வைத்த பெயரே அது. ‘தீப்பு பர்ப்பிள்’ என்பது அக்குழுவின் நரம்பிசைஞர் பிளாக்குமோரின் பாட்டிக்குப் பிடித்த பழம்பாட்டொன்றின் பெயர். ‘இலினர்டு சுகினர்டு’ என்பது, தலைமயிர் நீட்டி வளர்த்தலைக் கண்டித்த உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் பெயரை எழுத்து மாற்றிக் கேலியாக வைத்தது. ‘ஏசி டிசி’ என்னும் ஆத்திரேலியக் குழுவின் பெயர், அவ்வுடன்பிறந்தாரின் அக்கை தையற்பொறியின்மேல் கண்ட மின்னோட்டக் குறிப்பு. ‘பிளாக்கு சபாத்து’ 1963-இல் வந்த அச்சத் திரைப்படத்தின் தலைப்பு. ‘இலெட்டு செப்பெலின்’ என்பதோ, “ஈயத்தாற் செய்த வானூர்தி பறப்பதுபோலத்தான் நீங்கள் பறப்பீர்கள்” என்னும் பொருள்பட நண்பரொருவர் அடித்த நகையாட்டு. அந்நகையாட்டையே அவர்கள் பெயராக்கிக்கொண்டனர்.

இவற்றை ஏன் விரித்துரைத்தோம்? அவற்றைப் புகழவன்று. இவற்றுட் பல வெறும் விளையாட்டுப் பெயர்களே; ஒருசில பொருளற்ற பெயர்களுமாம். ஆனால், ஒன்றைக் கூர்ந்து நோக்குக. பாட்டி விரும்பிய பாட்டு, அக்கையின் தையற்பொறி, பள்ளியின் பெயர், கண்டித்த ஆசிரியர், நண்பன் அடித்த நகை! இவை அனைத்தும் எங்கிருந்து வந்தன? அவனவன் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் பள்ளியிலிருந்தும், அவன் மதித்த பாடகனிடமிருந்தும் வந்தன. தன் வாழ்வில் கைக்கெட்டியதை எடுத்து அவன் பெயராக்கினான்.

நம்மவனோ அவன் வீட்டுத் தையற்பொறியைக் கொண்டுவந்து தன் வாயிலில் வைத்துக்கொள்கின்றான். நம் அம்மைக்கும் பாட்டுண்டு. நம் அக்கைக்கும் தையற்பொறி உண்டு. நம் பள்ளிக்கும் பெயருண்டு. அவையெல்லாம் இவன் கண்ணிற் படவேயில்லை! ஆங்கிலேயனைப் பின்பற்றுவதாக இவன் எண்ணிக்கொண்டிருக்கின்றான். உண்மையில், ஆங்கிலேயன் செய்ததை இவன் செய்யவேயில்லை. அவன் செய்தது தன்னை நோக்கியது. இவன் செய்வது அவனை நோக்கியது.

இன்னுமொன்று. ‘உராக்கு’ என்னும் சொல்லை நம்மவருட் பலர் பாறை என்றே கருதிக்கொண்டிருக்கின்றனர். ‘பாறையிசை’ என்று மொழிபெயர்த்தாரும் உளர். பாறைக்கும் அவ்விசைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அச்சொல் ஈண்டு அசைதல், ஆடுதல், குலுங்குதல் என்னும் பொருளது. கறுப்பின மக்களின் பாட்டுகளிலும் வழிபாட்டுக் கூட்டங்களிலும் வழங்கிவந்த ‘அசைந்தும் உருண்டும்’ என்னும் தொடரை, 1951 முதல் கிளீவுலாந்து வானொலியில் ஆலன் பிரீடு என்பார் பரப்பினார். பொருளறியாமற் கடன்கொள்பவன் பாறையை அசைவென்றும் அசைவைப் பாறையென்றும் மயங்குவான். நாம் அவ்விசையை அதிரிசை என்போம். தோற்கருவியின் முழக்கத்திற்கு அதிர்தல் என்னும் வினை தமிழில் தொன்றுதொட்டு வழங்குவது. ஈழத்துத் தமிழர் தம் மெல்லிய வேக இசையைத் துள்ளிசை என்று அழகுற வழங்கியமையும் காண்க.

பாணன் பெயர் வைத்த முறை

“இசைக்குழுவிற்குப் பெயர் வைப்பதென்பதே மேலைநாட்டு வழக்கம், ஆகவே பெயரும் மேலைநாட்டு மொழியில் இருப்பதே பொருந்தும்” என்று அறிவார்போற் பேசுவாரும் உளர். அவர்க்குச் சொல்வோம்.

குழுக்குழுவாக ஊர்விட்டு ஊர் சென்று பாடியும் ஆடியும் வாழ்ந்த கலைஞர்க்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே பெயரிட்டு வழங்கிய மொழி தமிழ். பண்ணிற் பிறந்த பெயர் பாணர். கோடு என்னும் ஊதுகொம்பு உடையோர் கோடியர். வயிர் என்னும் கொம்பு உடையோர் வயிரியர். துடி கொட்டுவோர் துடியர். உள்ளக்குறிப்பு மெய்யிற் புலப்பட ஆடும் விறல் உடையவள் விறலி. பறை என்பது பறைதல், அஃதாவது சொல்லுதல் என்னும் வினையிற் பிறந்தது. செய்தி சொல்லும் கருவி பறை. மலையாள மொழியில் இன்றும் சொல்லுதற்குப் பறைதல் என்றே வழங்குகின்றனர். ஊர்க்குச் செய்தி சொன்ன கருவியின் பெயரை இழிபெயராக்கியது பிற்காலத்துக் குலக்கொடுமை, அச்சொல்லின் குற்றமன்று.

கருவியாற் பெயர் பெற்றதோடு அமையவில்லை. பாடிய பாட்டின் உவமையாலேயே பெயர் பெற்ற புலவர் எத்துணையர்! செம்புலப்பெயல்நீரார், ஓரேருழவனார், மீனெறி தூண்டிலார், குப்பைக்கோழியார், கல்பொரு சிறுநுரையார். தம் இயற்பெயர் மறைந்துபோகத் தாம் கண்ட காட்சியே பெயராக நின்றவர்கள் இவர்கள். பாட்டின் தலைப்பிலிருந்து பெயர் எடுத்ததற்காக இலண்டன் குழுவை வியக்கின்ற தம்பி, குறுந்தொகையைத் திறந்து பார்! உருளும் கல்லைவிடக் கல்லிற் பொருது கரையும் சிறுநுரை எவ்வகையிற் குறைந்தது?

மலையே பாடிய மலை

இனி, இக்கட்டுரைக்கு நிலைக்களனாக யாம் கொண்ட சவ்வாது மலைக்கு வருவோம்.

திருப்பத்தூரிலிருந்து மலையேறினால் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்னும் மூன்று ஊராட்சிகள் உள்ளன. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டத்தினின்று பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை அவை. அப்பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சோழர் காலத்தில் ஊர்களின் தொகுதி நாடு. அதன் அவையோர் நாட்டார். சமவெளியிற் பெரும்பாலும் கல்வெட்டோடு நின்றுவிட்ட அவ்வாட்சிச் சொல், மலைமேல் இன்றும் ஊர்ப்பெயரின் ஈற்றில் உயிரோடு நிற்கின்றது. நெல்லி மரத்தின் பெயர். வாசல் என்பது வாயில் என்பதன் திரிபு. வாயும் இல்லும் சேர்ந்த சொல். நெல்லிவாசல்நாடு! மூன்று சொல், மூன்றும் தமிழ். அதனை எந்த விளம்பர நிறுவனமும் பணம் பெற்றுக்கொண்டு ஆக்கித் தரவில்லை. சாமை விதைத்தும் தேனெடுத்தும் வாழும் மக்களின் வாயிலிருந்து வந்தது அது.

அம்மக்களின் பெயரோ மலையாளி. மலையை ஆள்பவன் மலையாளி. தொழிலாளி, உழைப்பாளி என்பனபோல. ஆயினும் அரசுப் பட்டியலில் அப்பெயரைப் படிக்கும் சமவெளித் தமிழன் அவர்களைக் கேரளத்தார் என்று மயங்குகின்றான். தன் இனத்தானின் பெயர்ப்பொருளையே அறியாதவன், இலிவர்ப்பூல் வண்டின் பெயர்ப்பொருளை ஓதி உணர்ந்து என்ன பயன்?

இம்மலையின் தெற்கடிவாரத்துச் செங்கமே பழைய செங்கண்மா. அங்கிருந்து ஆண்டவன் நன்னன்சேய் நன்னன். அவனை நாடிச் சென்ற கூத்தர் குழுவிற்கு வழிசொல்லும் பாட்டே பத்துப்பாட்டின் பத்தாம் பாட்டாகிய மலைபடுகடாம். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளில், இம்மலையிற் பிறக்கும் சேயாறும் வருகின்றது; நன்னனின் நவிரமலையும் வருகின்றது. அப்பாட்டு எவ்வாறு தொடங்குகின்றது? இசைக்குழுவின் கருவிப் பட்டியலோடு தொடங்குகின்றது! முழவு, ஆகுளி என்னும் சிறுபறை, பாண்டில் என்னும் வெண்கலத் தாளம், கொம்பு, நெடுந்தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அவற்றையெல்லாம் பையிலிட்டுக் கட்டித் தோளில் தொங்கவிட்ட காட்சி பலாமரத்தில் காய்க்கொத்துத் தொங்குவது போன்றது என்கின்றார் புலவர். அப்பைக்குப் பெயர் கலப்பை. கலம் இட்ட பை. இன்றும் அம்மலையிற் பலா காய்க்கின்றது. கருவிப்பை சுமந்து மேடையேறும் இளைஞனும் இருக்கின்றான். இரண்டையும் இணைத்த சொல் மட்டுமே அவன் நினைவிலிருந்து அகன்றுவிட்டது.

அந்நூலின் பெயருக்கும் பொருள் காண்க. மலையை யானையாக்கி, அதனிடத்துத் தோன்றும் பல்வகை ஓசைகளை அவ்யானையின் மதமாக்கி, மலைபடுகடாம் என்றனர். அருவியொலி, குறவர் ஒலி, விலங்கொலி, கழனியொலி எனக் கேட்ட ஒலிகளையெல்லாம் ஒருங்கே கொண்ட பெயர் அது. பேரொலியையே தம் உயிராகக் கொண்ட அதிரிசைக் குழுவிற்கு இதனினும் சிறந்த பெயரை எந்நாட்டான் வைத்துவிட்டான்? ஈயவானூர்தியா இதற்கு ஈடு?

செங்கத்தைச் சூழ நிற்கும் நடுகற்களையும் மறத்தல் கூடாது. ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுப்பு 1972-இல் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையால் வெளியிடப்பட்டது. அந்நடுகற்களுள் ஒன்று எடுத்தனூரில் உள்ளது, ஏழாம் நூற்றாண்டினது, மகேந்திர பல்லவன் காலத்தது. ஆநிரை காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்பானோடு அவன் வளர்த்த நாயும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்து நின்ற அந்நாய்க்குக் கோவிவன் என்று பெயர். நாய்க்கும் தன் மொழியிற் பெயரிட்டு, அப்பெயரைக் கல்லிலும் வெட்டிவைத்தான் அன்றைத் தமிழன். இன்றைத் தமிழனோ தான் பெற்ற பிள்ளைக்கும், தான் கட்டிய வீட்டிற்கும், தான் தொடங்கிய குழுவிற்கும் பெயர் தேடி அயல்மொழி அகராதியைப் புரட்டுகின்றான்!

இதே மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1988-இல் கண்டறிந்த சிறுகோளுக்கு ஈரோட்டிற் பிறந்த கணக்கறிஞர் இராமானுசனின் பெயரையே வைத்தனர். வானத்துக் கல்லொன்றுக்கே நம் மண்ணின் மாந்தன் பெயர் பொருந்துமாயின், மலைமேல் முழங்கும் முழவிற்கு ஏன் பொருந்தாது?

“உலகம் அறிய வேண்டாவா?”

இனி, மறுப்பார் கூறும் பெரிய கரணியம் ஒன்றுண்டு. “ஆங்கிலப் பெயர் இருந்தாலன்றோ உலகச் சந்தையில் விலைபோகும்? தமிழ்ப்பெயரை வெள்ளையன் எவ்வாறு ஒலிப்பான்?” என்பதே அது.

உலகத்தைச் சற்றே சுற்றிவருவோம். ஐசுலாந்து என்பது ஏறத்தாழ நான்கு இலக்கம் மக்களே வாழும் தீவு. கணிப்பொறிக்குக் கூட அயற்சொல்லை ஏற்காமல், எண் என்னும் சொல்லையும் குறிசொல்பவள் என்னும் சொல்லையும் இணைத்துத் ‘தோல்வா’ என்று புதுச்சொற் படைத்துக்கொண்ட மானமிக்க மக்கள் அவர்கள். அங்கு 1994-இல் தோன்றிய ‘சிகுர் உரோசு’ என்னும் குழு, அப்பாடகருக்கு அண்மையிற் பிறந்த தங்கையின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. தம் மொழியிலேயே பாடிற்று. உலகம் முழுவதும் கேட்டது. அத்தீவின் மக்கள்தொகை நம் சென்னையின் ஒரு பகுதிக்கும் காணாது!

செருமானியக் குழுவாகிய ‘இராம்சுடைன்’, 1988-இல் வானூர்தி வீழ்ந்து பலர் மாண்ட தம் நாட்டு ஊரின் பெயரைத் தாங்கியது. செருமானிய மொழியிற் பாடியே பெருந்திடல்களை நிரப்புகின்றது. பிரேசில் நாட்டு இளைஞர் 1984-இல் ஆங்கிலப் பாட்டொன்றைத் தம் மொழியாகிய போர்த்துகீசியத்திற் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, கல்லறையைக் குறிக்கும் தம் சொல் ‘செப்புல்துரா’ என்று கண்டு, அதனையே குழுப்பெயராக்கினர். ஆங்கிலப் பாட்டைப் படித்தவன் தன் மொழிச் சொல்லோடு திரும்பி வந்தான். அதுவே கற்றல், நம்மவர் செய்வது கரைதல்.

இவையனைத்தினும் நம் உள்ளத்தைத் தொடவேண்டியது ‘தினாரிவென்’. தனக்கென ஓர் அரசில்லாத துவாரெகு மக்கள், மாலியினின்று துரத்தப்பட்டு அல்சீரிய முகாம்களில் வாழ்ந்த காலத்தில், 1979-இல் உருவாக்கிய குழு அது. தம் தமாசெக்கு மொழியில் அச்சொல்லுக்குப் பாலைநிலங்கள் என்று பொருள். நிலப்படத்தில் இடம்பெறாத நாடு. எனினும் அக்குழுவின் பெயரைச் சொல்ல உலகம் கற்றுக்கொண்டது. பாலை என்று ஒரு திணைக்கே பெயரிட்டு, அதற்கென ஒரு பண்ணும் ஒரு யாழும் வகுத்த நாம், நம் சொல்லை உலகம் ஒலிக்காது என்று அஞ்சுகின்றோம்!

அண்டையிலேயே பார்ப்போம். கொல்கத்தாவில் 1970-களின் இடையில் தோன்றிய ‘மொகினேர் கோராகுலி’ என்னும் குழு, வங்கப் பாவலர் சீவனானந்த தாசரின் பாட்டிலிருந்து ‘மொகினின் குதிரைகள்’ என்னும் அத்தொடரை எடுத்தது. கேரளத்தார் 2003-இல் தம் அடுக்களைக் கலவைக் கறியின் பெயரால் ‘அவியல்’ என்று ஒரு குழு கண்டனர். 2013-இல் தாம் குடியிருந்த இடத்துப் பாலத்தின் பெயரால் இன்னொன்று கண்டனர். அப்பெயரிலும் ஈற்றுச்சொல் ஆங்கிலமாய்ப் போனது குறையே. ஆயினும் தைக்கூடம் என்னும் ஊர்ப்பெயர் நாடெங்கும் பரவிற்று. பெங்களூரில் 2003-இல் தோன்றிய குழுவொன்று ‘அகம்’ என்னும் சொல்லைப் பெயராகக் கொண்டு புகழ்பெற்றது. தொல்காப்பியன் இலக்கணம் வகுத்த சொல்லைக் கன்னட நாட்டின் தலைநகர் மேடையேற்றுகின்றது. சென்னைத் தமிழனோ அது பழமையென்று ஒதுக்குகின்றான்!

கருத்து தமிழ், பலகை ஆங்கிலம்

இனிச் சொல்லப்போவது நம் பகைவரைப் பற்றியதன்று. நம் உடன்பிறந்தாரைப் பற்றியது. ஆதலின் கடிந்து கூறாமல் உரிமையோடு கூறுவோம்.

2018 சனவரியில் சென்னையில் ‘காசுட்லெசு கலெக்டிவ்’ என்னும் குழு அரங்கேறிற்று. கானாவும் பறையும் அதிரிசையும் ஒன்றாய்க் கலந்து, குலக்கொடுமையை மேடையில் நின்று நேருக்குநேர் கேட்ட குழு அது. அக்குழு எழுப்பிய கேள்விகள் தமிழ்நாடு என்றோ கேட்டிருக்க வேண்டியவை. அப்பெயர் எங்கிருந்து வந்தது? அயோத்திதாசப் பண்டிதர் வழங்கிய ‘சாதிபேதமற்ற’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று இதழ் தொடங்கி, மறு ஆண்டே அதனைத் ‘தமிழன்’ என்று பெயர்மாற்றி நடத்திய பெருமகன் அவர். தமிழிற் பிறந்த கருத்து. தமிழில் எழுந்த சினம். தமிழிற் பாடும் பாட்டு. பெயர்ப்பலகைக்கு வரும்போது மட்டும் ஏன் ஆங்கிலத்திற் பெயர்த்து எழுதப்படல் வேண்டும்?

“குலத்தின் பெயரால் எம்மை இழித்தது தமிழ்க் குமுகாயமன்றோ? ஆங்கிலத்திலன்றோ எமக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது?” என்று அவர்கள் கேட்பின், அக்கேள்வியின் வலியை நாம் உணராமலில்லை. பறை என்னும் சொல்லையே வசையாக்கிய குமுகாயம் அதற்கு விடைசொல்லக் கடமைப்பட்டது. ஆயினும் ஒன்றை எண்ணுக. அயோத்திதாசர் அதே கொடுமைக்கிடையில் நின்றுதான் ‘தமிழன்’ என்னும் பெயரை எடுத்துக்கொண்டார். இழித்தவனிடம் மொழியை விட்டுக்கொடுத்து அவர் விலகவில்லை, “மொழி எம்முடையது, இழிவு உன்னுடையது” என்று நின்றார். ‘பேதம்’ வடசொல்லேயாயினும் அவர் நின்ற நிலை தமிழ்நிலை. தமிழ் குலவெறியன் வீட்டுச் சொத்தன்று. துடியனும் பாணனும் பறையனும் கடம்பனும் காத்த மொழி அது. அவர்கள் வழித்தோன்றல்கள் மேடையேறும்போது அவர்களின் மொழியே பலகையிலும் ஏறவேண்டும் என்பதே நம் வேண்டுகை.

‘தமிழா’ என்று விளிக்கும் சொல்லின் முன்னே அமெரிக்கச் சொல்லொன்றை ஒட்டவைத்துப் பெரும்புகழ் பெற்ற குழுவிற்கும் இதுவே நம் சொல்: தமிழனை விளிக்க அவன் பெயரே போதும், முன்னே ஒரு கட்டியங்காரன் வேண்டா.

செய்யத்தக்கது யாது?

அரசு ஆணையிட்டாற் பெயர் திருந்தும் என்று வாளாவிருத்தல் ஆகாது. 2006-இல் தமிழ்ப்பெயர் தாங்கிய திரைப்படங்கட்குக் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கப்பட்டபோது, பல படங்களுக்குத் தமிழ் நினைவு வந்ததை நாடு கண்டது. வரிக்காக வைத்த பெயர் வரியோடு போகும். மானத்திற்காக வைத்த பெயரே நிற்கும். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது, தமிழ் மேடையில் தமிழ்ப்பாட்டுக்கே இடமில்லாதிருந்தது. அவ்விடத்தைக் கேட்டுப் பெற்றோம், பாட்டு வந்தது. பெயர் இன்னும் வரவில்லை.

மூன்று நெறிகளைக் கூறுவோம்.

ஒன்று, மொழிபெயர்த்துப் பெயர் வையற்க. ஆங்கிலப் பெயரொன்றை மனத்தில் நினைத்து அதற்குத் தமிழ்ச்சட்டை மாட்டுவதும் அடிமைத்தனமே.

இரண்டு, வடமொழிக்குள் ஓடற்க. ‘சுவரம்’ வேண்டாதார்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு பெயர் காத்திருக்கின்றன. ஏழும் ஏழு குழுக்களுக்குப் போதும். 1960-களில் ஊர்தோறும் பாடிய ‘பாவலர் சகோதரர்’ குழுவை எண்ணுக. முற்சொல் அண்ணனின் பட்டம், வீட்டுச் சொல், தமிழ்ச்சொல். பிற்சொல்லும் உடன்பிறந்தார் என்றிருந்திருப்பின் எத்துணைச் சிறப்பு!

மூன்று, உன் ஊரை நோக்கு. உன் மலை, உன் ஆறு, உன் பயிர், உன் பாட்டி சொன்ன சொல், உன் கருவி இவற்றுள் ஒன்று உன் பெயராகட்டும். நெல்லிவாசல்நாட்டு இளைஞன் நாளை ஒரு குழுக் காண்பானாயின், அவனுக்கு நவிரம் உண்டு, சேயாறு உண்டு, ஆகுளி உண்டு, எல்லரி உண்டு, பதலை உண்டு, கலப்பை உண்டு, கோவிவன் என்னும் நாயின் பெயரும் உண்டு. ஒன்றும் வேண்டாவெனின், நெல்லிவாசல் என்று தன் ஊர்ப்பெயரையே பலகையில் எழுதட்டும். “அதற்கு என்ன பொருள்?” என்று உலகத்தான் கேட்பான். அப்போது இவன் விடைசொல்வான். ஆங்கிலப் பெயர் வைத்தவனிடம் எவனும் பொருள் கேட்பதில்லை. கேட்டாலும் அவனிடம் சொல்லுதற்கு ஒன்றுமில்லை.

தமிழன்பர்களே, உங்கள் ஊர்த் திருவிழாவிற்கு அடுத்த முறை பணம் தண்ட வருவோரிடம் ஒன்று கேளுங்கள்: “வரும் குழுவின் பெயர் யாது? அதற்குத் தமிழிற் பொருள் யாது?” இரண்டாம் கேள்விக்கு விடையில்லையாயின், “பெயரை மாற்றிக்கொண்டு வரச்சொல்லுங்கள், நாங்கள் இரு மடங்கு தருகின்றோம்” என்று சொல்லுங்கள். சொன்னபடி கொடுங்கள். பத்து ஊர் இதனைச் செய்தால் பதாகைகள் தாமே திருந்தும்.

முழவும் தோளும் பாட்டும் நம்முடையவை. பெயரும் நம்முடையதாகுக!